திருமதி ஓங்

செய்தி அனுப்பும்போது நான் திருமதி ஓங்.
ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும்:
இன்றைக்கே பார்க்கலாமா, ஏழு மணிக்கு?
கூடவே சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று.

ஏழு மணிக்குக் கதவு திறக்கும்.
இரும்பு கேட் திறக்காது.
கம்பிகளுக்கு அந்தப் பக்கமிருந்து
என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடுவார்கள்.
நான்தான், என்பேன்.
ஓ, என்பார்கள்.
மீதி எழுத்து வருவதற்குள்
அறை வேறு யாருக்கோ போய்விட்டிருக்கும்.

வீட்டை விற்று ஆளுக்குப் பாதி என்றார்கள்,
காரை அவருக்கு என்றார்கள்,
பெயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
வைத்துக்கொண்டேன்.
நல்ல மனிதர்தான். ஒருநாளும் கை ஓங்கியதில்லை.
பெயரோடு சரி.

பிடோக்கில் ஒரு பெரிய அறை, ஆயிரத்து நானூறு வெள்ளி.
லைட் குக்கிங் மட்டும், என்றான் முகவர் ஜெரால்ட்.
எதெல்லாம் லைட்?
யோசித்தான். நூடல்ஸ் லைட். முட்டை லைட்.
கடுகு?
கடுகு என்ன எடை இருக்கும் என்று
மெய்லின் சிரித்துவிட்டாள்.
அந்த வீடும் போயிற்று.

தோ பாயோவில்
குளிர்சாதனம் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை,
துணி துவைக்க ஞாயிறு மட்டும்,
விருந்தினர் கூடாது.
மகள் விருந்தினரா என்று கேட்டேன்.
வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஈசூனில் ஒருவர், நம்மவர்தான்,
பொட்டைப் பார்த்ததும் தமிழிலேயே சொன்னார்:
தப்பா நினைக்காதீங்கம்மா,
நம்ம ஆளுங்களுக்கு விடறதில்ல,
சுவரெல்லாம் எண்ணெயாயிடுது.
அவர் முதுகுக்குப் பின்னால்
ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.
மிளகு கொஞ்சம் தூக்கல்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
மெய்லினை முன்னால் நிறுத்தினால் கேட் திறக்கிறது.
அவளுக்கு அப்பாவின் கண்கள்.
இரண்டு முறை அப்படிச் செய்தேன்.
மூன்றாம் வீட்டில் மணியை அழுத்திய பிறகு
ஒன்றும் பேசாமல் நடந்து வந்து
எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.
பதினான்கு வயது.

அன்றிரவு புளோக் அடியில் கல் மேசையில்
சதுரங்கக் கட்டங்கள் மேல் கைபேசியை வைத்து
எழுதினேன்:
என் பெயர் மீனலோசனி. தமிழச்சி.
மருத்துவமனை பில் பிரிவில் வேலை.
நானும் மகளும்.
தினமும் சமைப்போம். வாரம் இரண்டு நாள் மீன்.
தாளிப்போம்.
ஆயிரத்து நானூறுதான் முடியும்.

பத்தொன்பது பேருக்கு அனுப்பினேன்.
நீலக் குறிகள் இரண்டிரண்டாக விழுந்தன,
ஒன்றும் வரவில்லை.
மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பூனை
என்னைப் போலவே யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தது.

பதினொன்றே காலுக்கு
தெலுக் பிளாங்காவிலிருந்து ஒரு ரோக்கையா:
ஆயிரத்து அறுநூறு. குறைக்க முடியாது.
சமையலறை விசிறி ஓடாது,
ஜன்னல் பக்கம் நின்று தாளித்துக்கொள்ளுங்கள்.
மற்றவர்களிடம் கடல் தெரியும் என்பேன்.
தெரியும்தான், கப்பல் விளக்குகள் வரைக்கும்.
அடுத்த வருடம் எதிரே கட்டடம் எழும்பிவிடும்.
நீங்கள் உள்ளதைச் சொன்னீர்கள், நானும் சொல்கிறேன்.

மாதம் இருநூறு.
சனிக்கிழமை ஓவர்டைம் இரண்டு,
காலைக் காப்பி,
மெய்லினின் கணக்கு டியூஷனில் கை வைக்க முடியாது,
வைக்கவும் கூடாது.
மறுபடி கூட்டினேன். நாற்பது வெள்ளி உதைத்தது.

நாளை ஆறரைக்கு வரலாமா, என்று கேட்டேன்.

வாங்க. இரண்டு பேரும்.

மஞ்சள் முகம் எதுவும் கூட வரவில்லை.